ஊரில் தங்கிவிட்ட விசில்

குக்கரின் விசில் குக்கரிலிருந்துதான் வருகிறது என்பது நம்மிடையே வேரூன்றிப்போன தவறான நம்பிக்கைகளுள் ஒன்று. படித்தவர்கள்கூட இதிலிருந்து தப்பவில்லை. ஆவி குக்கரிலிருந்து வருகிறது, அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் சத்தம் வேறு பொருள், வேறு சொத்து. அது எங்கே குடியிருக்கிறது என்று யாரும் முறையாக விசாரித்ததில்லை, விசாரிக்கும் தேவையும் எழுந்ததில்லை, ஏனென்றால் குக்கரைத் தூக்கிக்கொண்டு இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் போகிறவர்கள் குறைவு. குமாரபாளையம் பரிமளா போனாள். அதனால்தான் உண்மை வெளியே வந்தது.

அவள் போனது மாமனார் அர்த்தநாரியின் சந்தேகத்தைத் தீர்க்க. அர்த்தநாரி முப்பத்தோரு வருடம் ஒரு பார்சல் ஆபீசில் துண்டும் லுங்கியும் போர்வையும் அடைத்த மூட்டைகளைச் சாக்கு வைத்துத் தைத்து, தைத்த மூட்டையின்மேல் கறுப்பு மையால் ஊர்ப்பெயர் எழுதியவர். நாக்பூர் எழுதினார், குவாலியர் எழுதினார், பானிபட் எழுதினார். எல்லாவற்றிலும் அதிகமாகப் பதான்கோட் எழுதினார். மூட்டைகள் போயின, ஒன்றுகூடத் திரும்பி வந்து போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லவில்லை. அப்படியானால் பதான்கோட் என்று ஓர் ஊர் இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி என்ற கேள்வி, வேலையில் இருந்தவரை சும்மா கிடந்து, ஓய்வு பெற்றபின் அவருக்குள் வளர்ந்து, எழுபத்தெட்டாவது வயதில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. இளைய மகன் ஈஸ்வரமூர்த்தி தறி மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன், எதையும் பிரித்துப் பார்த்தால்தான் நம்புகிற தொழில். அப்பாவின் கேள்வி அவனுக்கு நியாயமாகவே பட்டது. பதினெட்டு வயதான ஒரு வேனை வாங்கி, பின்சீட்டைக் கழற்றி, அங்கே பாயும் கேஸ் அடுப்பும் அரிசி மூட்டையும் ஏற்றினான். லாட்ஜ் கிடையாது, ஓட்டல் கிடையாது, பெட்ரோல் பங்க்கில் தூக்கம், மரத்தடியில் சமையல் என்று திட்டம் போட்டான். பரிமளா ஜன்னல்களுக்கு ஈரிழைத் துண்டைத் திரையாகக் கட்டினாள், வெயிட்டையும் கேஸ்கட்டையும் தனித் துணியில் முடிந்தாள், குக்கரைத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் குக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அர்த்தநாரிக்கு இரண்டு மகன்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவே, சமையலறையை இரண்டாக வகிர்ந்து, ஒரு செங்கல் கனத்தில் ஒரு சுவர் எழும்பியது. அந்தப் பக்கம் மூத்த மருமகள் குணவதி, இந்தப் பக்கம் பரிமளா, மாமனாருக்கு ஒரு மாதம் அங்கே சோறு, ஒரு மாதம் இங்கே சோறு. பங்கு வைக்க வந்த உறவுக்காரர்கள் கரண்டி முதல் கட்டில்வரை எழுதிப் பிரித்ததில் கிரைண்டர் மூத்தவளுக்கும் குக்கர் இளையவளுக்கும் விழுந்தது. குணவதி அன்றைக்கே ஓரகத்தியோடு பேச்சை நிறுத்தினாள். காரணத்தை அவளும் சொல்லவில்லை, பரிமளாவும் கேட்கவில்லை. பத்திரத்தில் குக்கர் ஒன்று, மூடி ஒன்று, வெயிட் ஒன்று, கேஸ்கட் இரண்டு என்று எல்லாம் இருந்தன. விசிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்புறம் ஐந்து வருடம் அது தினமும் இருமித் தொடங்கி இழுத்து முடியும் தன் பாணியில் கூவியது. சுவர் மெல்லியது என்பதால் இரண்டு பக்கமும் கேட்டது. எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்று எவருக்கும் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை விடியலில் கிளம்பினார்கள். முதல் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு போன புளிச்சோறு போதுமானதாக இருந்தது. மறுநாள் கர்னூலுக்கு வெளியே ஒரு வேம்படியில் பரிமளா முதன்முதலாக அடுப்பைப் பற்றவைத்து, குக்கரை ஏற்றி, வெயிட்டைப் போட்டு, விசிலுக்காகக் காத்திருந்தாள். ஆவி வந்தது. வெயிட் எழவில்லை, சத்தம் இல்லை. யாரும் பார்க்காதபோது பெருமூச்சு விடுகிறவர்களைப் போல மூடியின்மேல் ஆவி சன்னமாக, விடாமல் கசிந்துகொண்டிருந்தது. அவள் வராத பஸ்ஸுக்கு நிற்பவள்போல நின்றாள், தீய்ந்த வாடை வந்தபிறகுதான் அடுப்பை அணைத்தாள். உள்ளே போஸ்டர் ஒட்டலாம், அப்படி ஒரு பசை. மறுநாள் நிர்மல் என்ற ஊருக்கு அருகே உஷாராக முன்கூட்டியே இறக்கினாள்; உள்ளே அரிசி, வந்த வழியெல்லாம் மூட்டையில் இருந்த அதே உறுதியோடு இருந்தது. வழியில் ஒரு பாத்திரக்கடைக்காரர் கேஸ்கட்டை மாற்றிப் பார்த்தார், வெயிட்டை ஊதிப் பார்த்தார், குக்கர் நல்ல குக்கர் என்று சைகையில் சொல்லி அனுப்பினார். கடிகாரம் பார்த்துச் சமைக்கலாமே என்று கேட்பவர்கள், லாரிகள் கிளப்பும் காற்றில் கேஸ் அடுப்பு எரித்தவர்கள் அல்லர்.

மற்றபடி பயணம் நன்றாகவே இருந்தது. வைப்பர் ஒன்று காற்றில் கழன்று ஒரு பருத்திக் காட்டுக்குள் பறந்துபோனது, மழை இல்லை என்பதால் அதை யாரும் தேடவில்லை. ஒரு குரங்கு பருப்புப்பொடிப் பொட்டலத்தை எடுத்துப்போய்ப் பிரித்து, தும்மி, திருப்பி எறிந்தது. டோல்கேட் காவலாளி ஒருவர் குளிக்க வாளி கொடுத்ததோடு தம் வீட்டு எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தார். ஆனால் அர்த்தநாரியின் குடலுக்குக் குழைந்த சாதமும் மோரும் தவிர வேறொன்றும் ஆகாது. அவர் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு, சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கடந்துபோகும் ஊர்ப்பலகைகளை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். அந்தப் பேசாமைதான் பரிமளாவை அதிகம் உறுத்தியது.

இதற்கிடையில் குமாரபாளையத்தில், கர்னூல் வேம்படியில் அடுப்பு எரிந்த அதே வெள்ளிக்கிழமை பகல், குணவதி தன் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, காலியான அடுப்புமேடையிலிருந்து ஒரு விசில் இருமி, இழுத்து, முடிந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், நறுக்கினாள். இரண்டாவது வந்தது. மூன்றாவதுக்கு எழுந்து எரியாத அடுப்பின் குமிழை ஒருமுறை மூடி வைத்தாள். ஒன்பதுவரை போயிற்று. தறிச் சத்தத்தையும் மீறித் தெரு முழுக்கக் கேட்டது; இந்தச் சத்தத்தை ஐந்து வருடமாக அறிந்திருந்த தெரு உடனே அடையாளம் கண்டுகொண்டது. குக்கர் ஊரில் இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பது விசிலுக்கு அப்படி என்னதான் வைத்திருப்பாள் என்றுதான் பேச்சு. கொண்டைக்கடலை என்றது ஒரு கட்சி, ஆட்டுக்கால் என்றது இன்னொரு கட்சி, அமாவாசையும் அதுவுமாக ஆட்டுக்காலா என்று மூன்றாவது கட்சி இரண்டையும் கண்டித்தது. மறுநாள் ஒரே ஒரு விசிலோடு நின்றுபோனதும் தெருவுக்குக் கவலை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வசந்தாமணி போனை எடுத்தாள்.

"ஏம்புள்ள பரிமளா, நேத்து ஒம்பது உட்ட, இன்னிக்கு ஒண்ணுல இறக்கிட்ட. அங்க என்னதான் சமைக்கறே?"

பரிமளா வேனின் பின்கதவில் உட்கார்ந்து இதைக் கேட்டாள். விசில் எங்கே கேட்கிறது என்று விசாரித்தாள். குணவதியக்கா வீட்டில் என்றாள் வசந்தாமணி. பரிமளாவுக்கு ஆச்சரியமாக இல்லை. குக்கரைப் பார்க்காமலே எடுத்து வேனுக்குள் வைத்தாள்.

ஆகவே ஏற்பாடு ஒன்று உருவானது. ஞாயிற்றுக்கிழமை நாக்பூருக்கு முன்னால் அடுப்பு பற்றியதும் பரிமளா அழைத்தாள். வசந்தாமணி குணவதியின் ஜன்னலுக்கு வெளியே போனும் காதுமாக நின்று விசிலை எண்ணிச் சொன்னாள். குணவதி உள்ளே தன் வேலையைப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்தவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. சாதம் சாதமாகவே வந்தது. அர்த்தநாரி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, நாக்பூர் ஆரஞ்சு ஒன்றை உரித்து, இந்த ஊர் இருக்கிறது என்று அறிவித்தார். தெருவும் தன் பங்குக்குப் பழகிக்கொண்டது. தறிப்பட்டறையில் முதல் விசிலுக்கு டீ என்றாயிற்று. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே நேரம் கூடினால், அங்கே காற்று அடிக்கிறது, துணியைக் கட்டி மறைக்கச் சொல்லுங்கள் என்று வழியோடு போகிறவர்கள் ஜன்னலில் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறந்ததிலிருந்து சேலத்தைத் தாண்டாதவர்கள்கூட, நம்முடையது இன்றைக்கு நாக்பூரில் வேகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வசந்தாமணி தங்கச்சி மகளின் சீருக்காகப் பவானிக்குப் போய்விட்டாள். போனால் இரண்டு நாள் ஆகும். அன்று பரிமளா குத்துமதிப்பாக இறக்கிய சோறு பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருந்தது. பசி பொறுக்காத அர்த்தநாரி லக்னாதோனுக்கு வெளியே ஒரு தாபாவில் எண்ணெய் மிதக்கும் பூரியைத் தின்றார், ஒரு மணி நேரத்தில் கயிற்றுக் கட்டிலில் சுருண்டார். ஈஸ்வரமூர்த்தி அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, நாளைக்கும் இப்படி என்றால் வண்டியைத் திருப்பிவிடுவதுதான் சரி என்றான். கோபமாகச் சொல்லவில்லை, காயில் எரிந்த மோட்டாரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். அதுவே மோசமாக இருந்தது.

"பதான்கோட்டப் பாக்காட்டி என்னாயிரும் அம்மிணி" என்றார் அர்த்தநாரி கண்ணை மூடியபடி. "நாக்பூர் இருக்குது. நாக்பூர் இருந்தா அதுவும் இருக்கும். ஒரு நம்பிக்கைதான்."

இத்தனை வருடம் நம்பாதவர் இப்போது நம்பத் தயாராகிவிட்டார் என்பதைப் பரிமளாவால் தாங்க முடியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு நாமக்கல் லாரி டிரைவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், செங்கோட்டுவேலு என்று பெயர். தமிழ் காதில் விழுந்ததும் நகர்ந்து வந்து உட்கார்ந்து, குக்கர் விஷயத்தை முழுக்கக் கேட்டார். ரோட்டில் இதெல்லாம் சகஜம் என்றார். அவருடைய கிளீனர் வண்டியில் சத்தமே இல்லாமல் தூங்குகிறானாம், குறட்டை முழுக்க ராசிபுரத்தில் அவன் மனைவிக்குத்தான் கேட்கிறதாம். பாவம், அவளுக்கு இதனால் ஒரு நிம்மதி, ஆள் உயிரோடு இருக்கிறான் என்று.

"விசிலு யாரு வூட்ல கேக்குதோ அவிகளையே கேட்டுப்போடுங்க" என்றார். "நடுவுல ஆளு எதுக்குங்?"

பாகம் பிரித்த அன்று அவள் வாயைத் திறந்திருக்கலாம். அந்தக் குக்கர் குணவதிக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்தது என்பது அவளுக்குத் தெரியும். எழுத உட்கார்ந்த உறவுக்காரர்களுக்குத் தெரியாது. குணவதி அவளைப் பார்த்தாள், இவள் சொல்லட்டும் என்று பார்த்தாள். பரிமளா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அது பேராசை என்று சொல்லிவிட முடியாது. கிரைண்டர் அந்தப் பக்கம் போயிருந்தது, சரிக்குச் சரி என்று அந்த நேரத்துக்கு ஒரு நியாயம் கிடைத்தது, அந்த நியாயம் சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. அதற்குள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

அவள் எழுந்து, தாபாவின் பின்புறம் காற்றுப்படாத இடத்தில் அடுப்பை வைத்தாள். ஒன்றரை டம்ளர் அரிசி கழுவிப் போட்டு, மூடி, வெயிட்டை வைத்தாள். போனை எடுத்து, ஐந்து வருடமாக அழைக்காத, ஐந்து வருடமாக அழிக்காத அந்த எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்தார்கள். யாரும் ஹலோ சொல்லவில்லை. தறி ஓடும் சத்தம் கேட்டது. ஆவி கசியத் தொடங்கியது, அப்புறம் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தாண்டி, இருமித் தொடங்கி, இழுத்து முடிந்தது.

"ஒண்ணு" என்றாள் குணவதி.

விசிலுக்கும் விசிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது, பேசாத இரண்டு பேர் ஒரே அழைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் தெரியும். பரிமளா ஒரு கோழி சாலையைக் கடப்பதை முழுவதும் பார்த்தாள்.

"ரெண்டு" என்றாள் குணவதி. கொஞ்ச நேரம் கழித்து, "புது அரிசியா, பழசா?"

"புதுசுங்க்கா."

"அப்ப மூணு போதும். மாமாவுக்குன்னா அஞ்சு. தண்ணி எவ்வளவு வெச்ச?"

பரிமளா சொன்னாள். அது பற்றாது, நாளைக்கு அரை டம்ளர் கூட ஊற்று, வடக்கத்தித் தண்ணீர் சீக்கிரம் சுண்டும் என்றாள் மறுமுனை, வடக்கைத் தன் வாழ்நாளில் கண்டிராத உறுதியோடு. மூன்று வந்தது, எண்ணினாள். மாமாவுக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பூரி தின்றதைப் பரிமளா சொன்னதும், ஓமத்தை வறுத்து வெந்நீரில் போடு, அவருக்கு அது கேட்கும் என்றாள். அப்புறம் தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அது எங்கப்பா வாங்கிக் குடுத்தது" என்றாள் குணவதி.

"தெரியுமுங்க்கா."

"தெரியும்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல."

"சொல்லியிருக்கலாமுங்க்கா. சொல்லாதது என் தப்புதான்."

மறுமுனையில் ஒரு பாத்திரம் நகர்த்தப்பட்டது. பரிமளா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். லாரிகள் போயின, செங்கோட்டுவேலு கை கழுவப் போகிறவர்போல இரண்டு தரம் அந்தப் பக்கம் வந்துவிட்டுப் போனார்.

"நாலு" என்றாள் குணவதி. அடுத்தது வந்தபோது இரண்டு பேருமே முழுதாக முடியட்டும் என்று விட்டார்கள். "அஞ்சு. அடுப்ப அமத்து. ஆவி தானா அடங்கட்டும், அவசரப்பட்டுத் தொறக்காத."

அன்றைய சாதம் பூப்போலக் குழைந்திருந்தது. அர்த்தநாரி மோர் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்தார், இது இந்த மாதத்துச் சோறு இல்லையே என்றார், சாப்பிட்டார். ஈஸ்வரமூர்த்தி வண்டியை வடக்குப் பார்த்து எடுத்தான்.

அதன்பிறகு ஜான்சியில் ஐந்து, குவாலியரில் ஐந்து, ஆக்ராவைத் தாண்டிப் பருப்புக்கு நான்கு, பானிபட்டில் ஓர் உருளைக்கிழங்குக்காக இரண்டு. வசந்தாமணி பவானியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் ஜன்னலருகே தனக்கு வேலை இல்லை. குணவதி உள்ளே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே இருந்தாள், விசில் எண்ணிக்கை மூன்றில் நிற்கும்போது அவர்களுடைய பேச்சு, பெரிய நாத்தனார் மகளுக்கு வந்த வரனில் ஆரம்பித்துக் கால் வெடிப்புக்குப் போடும் களிம்பு வரைக்கும் வந்திருந்தது. இரண்டு நாள், பேச்சு முடியட்டும் என்று சாதம் ஆறு விசிலுக்கு விடப்பட்டதை அர்த்தநாரி கவனித்தார், ஆனால் குறை சொல்லவில்லை. தெரு மட்டும், ஆறு என்றால் அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று தானாக முடிவெடுத்தது; தறிப்பட்டறைக்காரர்கள் அர்த்தநாரியை ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

பதான்கோட்டுக்கு அவர்கள் அடுத்த வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அர்த்தநாரி வேனிலிருந்து இறங்கி, கடைத்தெருவில் நடுவாக நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையை ஒரு காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு மற்றொரு காலால். ஒரு டீக்கடை, ஒரு மாடு, போர்வைகள் தொங்கும் ஒரு துணிக்கடை, ஒரு ஜோசியர் என்று எல்லாவற்றையும் பார்த்தார். தூரத்தில் நீலமாக மலை தெரிந்தது. அதை எழுதும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை, ஆகையால் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"இருக்குதுப்பா" என்றார் மகனிடம். பிறகு சோறு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஊர் திரும்பியபின் சுவர் அப்படியே இருந்தது, அதை இடிக்கும் செலவைப் பற்றி யாரும் பேசவில்லை. குக்கரைத் திருப்பிக் கொடுக்கப் பரிமளா எடுத்துக்கொண்டு போனாள். சத்தம்தான் இங்கே இருக்கிறதே, பாத்திரத்தை நீயே வைத்துக்கொள் என்று குணவதி காபி கொடுத்து அனுப்பினாள். தை மாதம் அவள் தனக்கென்று புதிதாக ஒரு குக்கர் வாங்கி, மகளின் பிரசவத்துக்காக அதையும் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினாள். இரண்டாம் நாள் காலை பரிமளா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, காலியான அடுப்பிலிருந்து இதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் ஒரு விசில் வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, "ஒண்ணுங்க்கா" என்றாள்.